பகிரங்க மன்னிப்பு எழுதுவது எப்படி: ஒரு இலை ஷெட் நோட்டீஸை வைத்து முழு வழிகாட்டி

கோத்தகிரியில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கலெக்டர் ஆபீஸ் மனு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இங்கே டைப் ஆகும். வருடத்துக்கு நாலைந்து பேராவது ஊரறிய மன்னிப்புக் கேட்க நோட்டீஸ் அடிக்க வருவார்கள். மற்றதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் மாடல் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். மன்னிப்புக்கு மட்டும் மாடல் வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அப்படி எழுதி எழுதிக் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் பசுந்தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவர் வந்தார். ஒரு ஷெட்டில் வைத்து சிறு விவசாயிகளிடம் இலையை எடை போட்டு வாங்கி ஃபாக்டரிக்கு அனுப்புகிறவர். மழையில் நனைந்த டைரித் தாளில் இப்படி எழுதி வைத்திருந்தார்:

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு, எலக்ட்ரானிக் தராசில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எடையில் சிறு வித்தியாசம் ஏற்பட்டுள்ளது. இதனால் யாருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம். தொடர்ந்து ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"நாலு வரிதான் அண்ணா. பிரிண்ட் போட்டுக் கொடுங்க, ஷெட்ல ஒட்டிடறேன்."

"தராசு கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இல்லண்ணா. தராசு நல்லாத்தான் இருக்கு."

நடந்தது இதுதான். ஜூன் மாதம் புதுத் தராசு வாங்கியிருக்கிறார். சாக்கு எடைக்காக ஒரு கிலோவைத் தானே கழிக்கும்படி விற்ற கடைக்காரர் அதை செட் செய்து கொடுத்திருந்தார். இவர் பழைய பழக்கத்தில் புத்தகத்திலும் சாக்குக்கு ஒரு கிலோ கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆக, சாக்குக்கு ஒரு கிலோ இலை விவசாயிக்கு நஷ்டம். மழைக்காலத்தில் ஈர இலைக்குத் தண்ணிக் கழிவு வேறு உண்டு என்பதால், எடை எங்கே குறைகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு அக்காவுக்கு மட்டும் பிடிபட்டது. ஜூலையில் இரண்டு முறை வந்து கேட்டிருக்கிறார். இவர் ஷெட்டில் எல்லோர் முன்னாலும், "உங்களுக்குக் கணக்குத் தெரியாதுக்கா, சும்மா வந்து தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செப்டம்பர் 28 அன்று அந்த அக்கா கடையில் வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டையைப் பிரிக்காமல் ஆட்டோவில் கொண்டுவந்து தராசில் வைத்தார். 24 காட்டியது.

இவ்வளவும் அந்த நாலு வரியில் எங்கே இருக்கிறது?

முதல் படி: நோட்டீஸ் எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, யாருக்கும் காட்டப் போவதில்லை என்ற நினைப்போடு மூன்றே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நான் என்ன செய்தேன்? யாருக்குச் செய்தேன்? எத்தனை நாள், எவ்வளவு?

மூன்றாவது கேள்வியில்தான் பலரும் தடுமாறுவார்கள். "சுமாரா ஒரு மூணு மாசம்" என்பார்கள். சுமார் வேண்டாம். புத்தகத்தைத் திறந்து பாருங்கள், பில்லைப் பாருங்கள், செல்போனில் அனுப்பிய செய்தியின் தேதியைப் பாருங்கள். ஏஜென்ட்டை வீட்டுக்கு அனுப்பி எடைப் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினோம். ஜூன் 3 முதல் செப்டம்பர் 28 வரை, 41 பேர், 1,640 சாக்கு. அதாவது 1,640 கிலோ. "சிறு வித்தியாசம்" என்று எழுதியிருந்தாரே, அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்ததும் அவரே பேனாவை எடுத்து "சிறு" என்ற சொல்லை அடித்தார். நான் சொல்லவில்லை.

இந்தத் தாளில் இன்னொன்றும் தெரியவரும். பெரும்பாலும் தப்பு ஒன்றாக இருக்காது, இரண்டாக இருக்கும். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, அதை யாராவது சுட்டிக்காட்டியபோது நாம் நடந்துகொண்ட விதம். முதலாவதுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏன் யாரும் சமாதானமாகவில்லை என்று குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜனங்களுக்கு அதிகம் வலித்தது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: அதிகம் பாதிக்கப்பட்டவரை முதலில் நேரில் பாருங்கள்

சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, "ஓ, என்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறார் போல" என்று ஒருவர் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது. எழுத்துக்கு முன்னால் வீட்டுப் படியேற வேண்டும். பழம், இனிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சம்பந்தம் பேசப் போவது போல் ஆகிவிடும். கையை வீசிக்கொண்டு போங்கள், போய் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அங்கேதான் தெரியும். ஏஜென்ட் அந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னது: "காசைப் பத்திப் பேசவே இல்லைண்ணா. 'எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னே தம்பி. அதே நாலு பேர் முன்னாடி அந்தச் சொல்லைத் திருப்பி எடு'ன்னாங்க."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். முழுசாக அள்ள முடியாதுதான். ஆனாலும் கொட்டிய இடத்தில் குனிய வேண்டும் என்றுதான் அந்த அக்கா கேட்டார். நோட்டீஸில் எது முக்கியமாக வர வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் முடிவாகிவிட்டது.

இன்னொன்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்: பெயர் போடலாமா? சிலருக்குப் பெயர் வர வேண்டும், சிலருக்கு வரவே கூடாது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில், சைக்கிள் திருடினான் என்று ஒரு பையனின் போட்டோவைப் போட்டுவிட்டார் ஒருவர். அவன் எடுக்கவில்லை என்று மறுநாளே தெரிந்தது. மன்னிப்பில் பையனின் பெயரையும் போட்டோவையும் மறுபடி போட நினைத்தார். பையனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "போட்டோ மட்டும் வேண்டாம் சார், மறக்கறவங்க மறக்கட்டும்" என்றார். கேட்காமல் போட்டிருந்தால் மன்னிப்பே இன்னொரு காயமாகியிருக்கும்.

மூன்றாம் படி: வினைச்சொல்லைச் சரி செய்யுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு மன்னிப்பு கெட்டுப்போவது இங்கேதான்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. செய்தவரைச் சொல்லாமலேயே செய்ததைச் சொல்லிவிடலாம். "கண்ணாடி உடைந்தது" என்றால் யார் உடைத்தார் என்று தெரியாது. "எடை குறைந்தது", "பெயர் விடுபட்டது", "பணம் சேர்ந்துவிட்டது", "தாமதமாகிவிட்டது" எல்லாம் அப்படித்தான். இவை ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு வினை இருக்கிறது: உடைத்தேன், குறைத்தேன், விட்டேன், சேர்த்தேன், தாமதம் செய்தேன். மன்னிப்புக் கடிதத்தில் இந்த இரண்டாவது வரிசைதான் வர வேண்டும்.

"ஏற்பட்டது", "நேர்ந்தது", "நிகழ்ந்தது" என்ற மூன்றும் மண்சரிவுக்குப் பொருந்தும். மழை பெய்து ரோட்டில் மரம் விழுவதற்குப் பொருந்தும். மனிதர் செய்ததற்குப் பொருந்தாது. ஏஜென்ட்டின் நாலு வரியில் "ஏற்பட்ட", "ஏற்பட்டுள்ளது", "ஏற்பட்டிருந்தால்" என்று மூன்று முறை அந்தச் சொல் வந்திருந்தது. நான் அவரிடம் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் "யார்?" என்று எழுதச் சொன்னேன். எடையைக் குறைத்தது யார்? நான். பார்க்காமல் விட்டது யார்? நான். அந்தப் பதில் வாக்கியத்துக்குள் வரும்வரை வாக்கியத்தை மாற்றிக்கொண்டே இருந்தோம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

அடுத்தது அந்த "ஆல்". "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்." புண்பட்டது என்று தெரிந்துதானே எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்புறம் எதற்கு "இருந்தால்"? படிக்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது தெரியுமா? "எனக்கொன்றும் தப்பாகத் தெரியவில்லை, நீ தொட்டாற்சிணுங்கி" என்று விழுகிறது. மனம் புண்பட்டது என்று பேச்சை அவர்கள் மனதுப் பக்கம் திருப்புவதே ஒரு நழுவல்தான். உங்கள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

"நாம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். "நாம் எல்லோரும் தவறு செய்பவர்கள்தானே" என்று எழுதினால், எடை குறைந்து நஷ்டப்பட்டவரையும் உங்கள் பக்கத்தில் இழுத்து நிறுத்துகிறீர்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியும் அந்த வகைதான். அதை அடுத்தவர் நமக்காகச் சொன்னால் அழகு. தனியாள் என்றால் "நான்", சங்கம், கமிட்டி, கம்பெனி என்றால் "நாங்கள்". அங்கும்கூடத் தலைவர், செயலாளர் என்று யாராவது ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். "இப்படிக்கு, நிர்வாகம்" என்ற பெயரில் உலகத்தில் யாரும் பிறந்ததில்லை.

கடைசியாக, வருத்தமா மன்னிப்பா என்ற விஷயம். தூர்தர்ஷன் காலத்தில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு போர்டு வரும். அது சரியான பயன்பாடு. ஒளிபரப்பு அறுந்துபோனதற்கு வருந்தத்தான் முடியும். வருந்துவது பார்ப்பவரும் செய்யக்கூடியது. மன்னிப்புக் கேட்பது அந்தத் தப்புக்குப் பொறுப்பானவர் மட்டுமே செய்யக்கூடியது. இந்த வேறுபாட்டை நாடுகளே அளந்து பயன்படுத்தியிருக்கின்றன. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது 1919 ஏப்ரல் 13. அதன் நூற்றாண்டுக்குச் சில நாள் முன்பு, 2019 ஏப்ரலில், பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்தெடுத்ததற்காக 1999-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அது போதவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், தாய்மார்கள், தந்தையர், சகோதர சகோதரிகள் என்று முறை சொல்லி அழைத்து, குடும்பங்களைப் பிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டார். அவையில் உட்கார்ந்து கேட்டவர்கள் அழுதார்கள். ஒன்பது வருஷத்தில் மாறியது ஒரு சொல். அந்தச் சொல் "மன்னிப்பு".

ஆகவே அந்தச் சொல்லை முழுசாக, வெளிப்படையாக எழுதுங்கள். "மன்னிப்புக் கேட்கிறேன்." "மன்னிப்புக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்" என்றெல்லாம் இழுக்க வேண்டாம்.

நான்காம் படி: காரணம் ஒரு வரி, அதற்கு மேல் சப்பைக்கட்டு

எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட்டால் ஜனங்கள் தாங்களே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். அதனால் காரணம் வேண்டும். காரணத்தையும் சப்பைக்கட்டையும் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் வழி: அந்த வரியைப் படித்த பிறகு தப்பின் பாரம் உங்கள் தோளில் இருக்கிறதா, இறங்கி வேறு யார் தோளுக்காவது போய்விட்டதா என்று பாருங்கள். "கடைக்காரர் தராசை செட் செய்தது எனக்குத் தெரியாது" என்று நிறுத்தினால் பாரம் கடைக்காரரிடம் போய்விட்டது. "தராசைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை" என்ற அடுத்த வாக்கியம் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது.

"ஆனால்" என்ற சொல் வந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். இருபது வருடச் சேவை, செய்த தானதர்மம், உடம்பு சரியில்லாதது, வீட்டுப் பிரச்சினை எதற்கும் இங்கே இடமில்லை. அவை பொய் என்று சொல்லவில்லை. அவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் வாசகர் இப்போது இல்லை.

நீங்கள் நேரடியாகச் செய்யாத தப்புக்குப் பதவியின் பெயரால் மன்னிப்புக் கேட்க வேண்டி வரலாம். "அப்போ நான் தலைவரா இல்லையே" என்று ஆரம்பிக்காதீர்கள். 1984-இல் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது மன்மோகன் சிங் பிரதமர் இல்லை, அவரே ஒரு சீக்கியர். 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசின் சார்பில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார், சீக்கியர்களிடம் மட்டுமில்லாமல் நாட்டு மக்கள் எல்லோரிடமும். ஊர்த் திருவிழா கமிட்டிக்குப் புதிதாகத் தலைவரானவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: சரி செய்வதை எண்ணிலும் தேதியிலும் சொல்லுங்கள்

"இனி இப்படி நடக்காது" என்பது வாக்குறுதி இல்லை, ஆசை. எது மாறப் போகிறது என்று எழுதுங்கள், அதுவும் படிக்கிறவர் தானே வந்து சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில். ஏஜென்ட் முதலில் "இனிமேல் மிகுந்த கவனத்துடன் செயல்படுவோம்" என்றார். உங்கள் கவனத்தை யார் எட்டிப் பார்க்க முடியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து அவரே மூன்று வழி சொன்னார்: தராசின் முகப்பை விவசாயி பக்கம் திருப்பி வைப்பது, சீட்டில் மொத்த எடையையும் கழிவையும் நிகர எடையையும் தனித்தனியாக எழுதுவது, முத்திரை போட்ட 10 கிலோ படிக்கல் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைப்பது. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. இனி யாரும் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

முடிந்தவரை நோட்டீஸ் போடுவதற்கு முன்பே சரி செய்ய ஆரம்பித்துவிடுங்கள். "கொடுப்பேன்" என்பதைவிட "கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்" என்பது கனமான சொல். கையில் மொத்தப் பணமும் இல்லையென்றால் தவணையாகத் தேதி போடுங்கள். நிறைவேற்ற முடியாத தேதியை மட்டும் போடாதீர்கள்.

ஆறாம் படி: தப்பு எங்கே நடந்ததோ அங்கே

சந்தையில் திட்டிவிட்டு வீட்டுக்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எங்கும் நடக்கிறது. கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1914-இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் போய்ச் சேர்ந்த 376 இந்தியர்களில் பெரும்பாலோரை அந்த நாட்டுச் சட்டங்களைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். 2008-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் சர்ரே நகரில் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். சீக்கிய அமைப்புகள் அங்கேயே அதை ஏற்க மறுத்தன, நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றன. 2016 மே 18 அன்று ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டார். மன்னிப்பு என்ற சொல் இரண்டு தடவையும் ஒன்றுதான். இடம் வேறு.

இடம் போலவே அளவும் முக்கியம். தவறான மருந்து விளம்பரங்களுக்காகப் பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது, உங்கள் விளம்பரங்கள் வந்த அதே அளவில்தானா இதுவும் வந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. நம் ஊர் அளவிலும் இதே கேள்விதான். 500 பேர் இருக்கும் குரூப்பில் போட்டதை, அதே குரூப்பில், அதே மாதிரி குரல் பதிவாகப் போட்டிருந்தால் குரல் பதிவாகவே போட்டுத் திரும்பப் பெற வேண்டும். டெலீட் செய்துவிட்டேன் என்பது மன்னிப்பில் சேராது. பார்த்தவர்கள் கண்ணிலிருந்து டெலீட் ஆகவில்லை.

நம் மலையில் ஒட்டுகிற தாள் என்றால் லேமினேட் செய்துவிடுங்கள். கார்த்திகை மாதப் பனிமூட்டத்தில் சாதாரணத் தாள் இரண்டு நாள்கூடத் தாங்காது, மை வழிந்துவிடும். எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். வெள்ளெழுத்து வந்தவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

எப்போது?

இதற்குத் தனிப் படி தேவையில்லை. கணக்கு சரிபார்க்கும்வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். கணக்குப் பார்க்க நாளாகும் என்றால், "என் மேல் தப்பு இருக்கிறது, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்" என்று இரண்டு வரி உடனே போடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது இல்லையா, அந்த மே சீசனில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர், "இ-பாஸ் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டார். கைக்குழந்தையோடு வந்த குடும்பம் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது. அன்றைக்கு ராத்திரியே எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். அதற்குள் மூன்று வார மௌனத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

சட்டம் பற்றி ஒரு சொல்

யாருக்காவது உடம்பில் காயம், உயிரிழப்பு, போலீஸ் புகார், கோர்ட் நோட்டீஸ் என்று இருந்தால் எழுதும் முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தது நாளைக்குச் சாட்சியமாக வரலாம். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் வருகிறது. மன்னிப்புக் கேட்டாலே வழக்கு தானாக முடிந்துவிடாது. நீதிமன்ற அவமதிப்பில், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, மன்னிப்பு நீதிமன்றத்துக்குத் திருப்தியாக இருந்தால் தண்டனையைத் தள்ளுபடி செய்யலாம். வக்கீலிடம் எதை எழுதக் கூடாது என்று கேளுங்கள். முழுக் கடிதத்தையும் அவரையே எழுதவிட்டால், "எந்தவிதப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல்" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படி ஆரம்பிப்பதை யாருக்கும் கொடுக்காமலே இருக்கலாம்.

கடைசியில் வந்த நோட்டீஸ்

மூன்று நாள் வேலைக்குப் பிறகு ஏஜென்ட் ஒட்டியது இதுதான். பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

"நம் ஷெட்டில் இலை போடும் எல்லோருக்கும்,

ஜூன் 3 முதல் செப்டம்பர் 28 வரை உங்கள் இலையில் சாக்குக்கு ஒரு கிலோ குறைத்து எழுதினேன். புதுத் தராசு சாக்கு எடையைத் தானே கழித்தது. நான் புத்தகத்திலும் ஒரு முறை கழித்தேன். தராசைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை.

ஜூலை மாதமே ஒரு அக்கா இரண்டு முறை வந்து எடை குறைகிறது என்று சொன்னார். நான் தராசைப் பார்க்காமல், இங்கே எல்லோர் முன்னாலும், அவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் கணக்குத்தான் சரி. என் கணக்குத்தான் தப்பு. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பேசியது இங்கே என்பதால் இங்கேயும் கேட்கிறேன்.

41 பேருக்கு மொத்தம் 1,640 கிலோவுக்குப் பணம் தர வேண்டும். அந்தந்த மாதம் உங்களுக்குக் கொடுத்த விலைக்கே கணக்குப் போட்டிருக்கிறேன். பாதியை அக்டோபர் 15-க்குள்ளும் மீதியை அக்டோபர் 31-க்குள்ளும் கொடுக்கிறேன். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. பழைய எடைப் புத்தகத்தை நீங்களே புரட்டிப் பார்க்கலாம்.

இன்று முதல் தராசின் முகப்பு உங்கள் பக்கம் இருக்கும். சீட்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் இருக்கும். 10 கிலோ படிக்கல் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள்.

நான் செய்தது தப்பு. உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

"மன்னித்து ஆதரவு தர வேண்டுகிறேன்" என்று ஒரு வரி கடைசியில் வைத்திருந்தார், எடுக்கச் சொன்னேன். கேட்பது நம் வேலை, கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். அதிலும் "ஆதரவு" என்பது வியாபாரம், அந்தத் தாளில் அதற்கு வேலை இல்லை.

ஒட்டுவதற்கு முன்னும் பின்னும்

ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள், பாதிக்கப்பட்டவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. எந்த வரியில் குரல் கம்முகிறதோ, எந்த வரியை வேகமாகத் தாண்டப் பார்க்கிறீர்களோ, அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. ஏஜென்ட்டுக்கு "அவர் கணக்குத்தான் சரி" என்ற இடத்தில் குரல் இறங்கியது. அந்த வரியை அப்படியே விட்டோம்.

ஒட்டிய பிறகு ஜனங்கள் வந்து பேசுவார்கள், சிலர் கோபமாகப் பேசுவார்கள். தாளில் சொன்னதையே திரும்பச் சொல்லுங்கள், புதிதாக எதையும் விளக்க ஆரம்பிக்காதீர்கள். "அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே" என்ற வாக்கியம் மட்டும் வாயில் வரவே கூடாது. அது வந்த நிமிஷம் மூன்று நாள் எழுதியது வீண்.

தாளை எப்போது எடுக்கலாம் என்று நவம்பர் முதல் வாரம் ஏஜென்ட் போன் செய்தார்.

"எல்லாருக்கும் கொடுத்தாச்சா?"

"39 பேருக்கு ஆச்சுண்ணா. ஒரு தாத்தா பேரன் வீட்டோட திருப்பூர் போயிட்டார். இன்னொருத்தர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு மேட்டுப்பாளையம் போயிட்டார்."

"அப்போ தாள் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் மேட்டுப்பாளையம் இறங்கினார். திருப்பூர் விலாசம் இன்னும் கிடைக்கவில்லை. பணம் ஒரு கவரில் தாத்தா பெயர் எழுதி ஷெட் மேஜை டிராயரில் இருக்கிறது, தாள் சுவரில் இருக்கிறது.